வாலின் அடியில் நாலு மில்லிமீட்டர்: சர்ஃப் பலகையைக் கவிழ்த்துப் போட்டுப் படிப்பது எப்படி

என்னிடம் ஒரே அளவில் இரண்டு பலகைகள் இருந்தன. இரண்டும் 6 அடி 2 அங்குலம். அகலம், தடிமன், வாலின் வடிவம், அடியில் மாட்டிய ஃபின்கள் (துடுப்பு மாதிரி நிற்கும் தகடுகள்) எல்லாம் ஒன்றே. ஒன்று பின்காலை அழுத்திய மாத்திரத்தில் திரும்பும். மற்றது நேராகப் பாய்ந்து ஓடும், திருப்ப நினைத்தால் முரண்டு பிடிக்கும். என் கால்தான் சரியில்லை என்று பல மாதம் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் இரண்டையும் கவிழ்த்துப் போட்டு, வால் நுனியிலிருந்து ஓரடி தள்ளி ஒரு இரும்பு ஸ்கேலைக் குறுக்கே வைத்தேன். முதல் பலகையில் ஸ்கேல் நடுவில் மட்டும் தொட்டு, தராசு மாதிரி இரு பக்கமும் ஆடியது. சமமாகப் பிடித்துப் பார்த்தால் ஓரத்தில் 4 மி.மீ. இடைவெளி. இரண்டாவதில் ஸ்கேல் இரண்டு ஓரங்களிலும் உட்கார்ந்துகொண்டது. நடுவில் 3 மி.மீ. அளவுக்கு வெளிச்சம் தெரிந்தது.

கையால் தடவினால் சட்டென்று பிடிபடாத வித்தியாசம் அது. ஆனால் தண்ணீர் அதைக் கவனித்துக்கொண்டே இருந்திருக்கிறது. அன்றிலிருந்து எந்தப் பலகை கைக்கு வந்தாலும் முதலில் வாலைத்தான் கவிழ்த்துப் பார்க்கிறேன். எப்படிப் பார்ப்பது, பார்த்ததை எப்படிப் புரிந்துகொள்வது, சொந்தமாகச் செதுக்கினால் எப்படிக் கொண்டுவருவது என்று இங்கே எழுதுகிறேன்.

வாலுக்கு ஏன் இவ்வளவு மதிப்பு? அலை தூக்கிவிட்டு வேகம் பிடித்ததும் பலகை தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போவதை விட்டுவிட்டு, அதன் மேல் ஏறி வழுக்க ஆரம்பிக்கிறது. அப்போது முன்பகுதியில் பெரும்பங்கு காற்றில் இருக்கும். எடையைத் தாங்குவது பின்பகுதி. ஃபின்களும் அங்கேதான், பின்காலும் அங்கேதான். முன்னாலிருந்து வரும் தண்ணீர் கடைசியாகப் பலகையைத் தொட்டுவிட்டுப் பிரிவதும் அந்தக் கடைசி ஒன்றரை அடியில்தான். அது சுத்தமாகப் பிரிந்தால் வேகம். ஒட்டிக்கொண்டே வந்தால் பிடிப்பு, கூடவே இழுவை.

முதலில் அளந்துவிடுங்கள்

ஃபின்களைக் கழற்றிவிட்டு, காலை ஊன்றி நிற்கும் மெழுகுப் பக்கம் கீழே இருக்கும்படி பலகையைத் துணி விரித்த மேசையில் கவிழ்த்து வையுங்கள். வால் நுனியிலிருந்து 6, 12, 18, 24 அங்குலங்களில் பேப்பர் டேப்பை ஒட்டிக் கோடு போடுங்கள். பலகையின் மத்தியில் இன்னொரு கோடு. ஒவ்வொரு கோட்டிலும் வளையாத ஸ்கேலைக் குறுக்கே, நடுமரத்துக்கு (பலகையின் நடுவே நீளவாக்கில் ஓடும் மெல்லிய மரச்சட்டம்) செங்குத்தாக வையுங்கள்.

ஸ்கேல் நடுமரத்தில் மட்டும் தொட்டு ஆடினால் அது வீ. கூரையின் முகடு மாதிரி நடு உயர்ந்து, இரு பக்கமும் சரியும் அமைப்பு. இரண்டு பக்கமும் இடைவெளி சமமாகும்படி ஸ்கேலைப் பிடித்துக்கொண்டு, ஓரத்தில் எத்தனை மி.மீ. என்று அளந்து, முன்னால் கூட்டல் குறி போட்டு டேப்பிலேயே எழுதுங்கள். ஸ்கேல் ஓரங்களில் உட்கார்ந்து நடுவில் இடைவெளி விட்டால் அது குழிவு, செதுக்குபவர்கள் சொல்லும் கான்கேவ். அதற்குக் கழித்தல் குறி. எங்கும் ஒட்டி உட்கார்ந்தால் தட்டை, பூஜ்யம். இன்னும் ஒரு சோதனை: வீ இருக்கும் இடத்தில் ஸ்கேலை ஒரு பக்கமாகச் சாய்த்து, அந்தச் சரிவின் மேலேயே படுக்க வையுங்கள். சரிவின் நடுவில் வெளிச்சம் தெரிந்தால், வீக்குள் இரட்டைக் குழிவும் இருக்கிறது என்று அர்த்தம்.

இணைய விற்பனைப் பக்கங்களில் 'சிங்கிள் டு டபுள் கான்கேவ் வித் வீ' என்று ஒரு வரி இருக்கும். அதை நம்பி முடிவெடுக்காதீர்கள். அரை மில்லிமீட்டர் குழிவும் அதே பெயரில்தான் போகும், 5 மில்லிமீட்டரும் அதே பெயரில்தான் போகும்.

ஓரக் கோடு என்ற விஷயம்

இங்கே கொஞ்சம் நிதானமாக நிற்க வேண்டும். பலகையைப் பக்கவாட்டில் பார்த்தால் தெரியும் வாழைப்பழ வளைவுதான் ராக்கர். எல்லோரும் அதை நடுமரத்தின் வழியாகவே அளக்கிறார்கள். ஆனால் திரும்பும்போது பலகை சாய்ந்துவிடுகிறது. அப்போது தண்ணீரில் ஓடுவது நடுமரம் இல்லை, ஓரம். ஓரத்துக்கென்று தனியாக ஒரு வளைவு உண்டு. அடியில் இருக்கும் குழிவும் வீயும் அந்த இரண்டு வளைவுகளையும் ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துவைக்கின்றன.

கணக்கு எளிது. பலகையின் மத்தியில் 4 மி.மீ. குழிவு இருக்கிறது என்று வையுங்கள். பலகையை நிமிர்த்திப் போட்டால் அங்கே ஓரம் நடுமரத்தை விட 4 மி.மீ. தாழ்ந்திருக்கும். வாலிலிருந்து 12 அங்குலத்தில் 4 மி.மீ. வீ இருந்தால் அந்த இடத்தில் ஓரம் 4 மி.மீ. உயர்ந்திருக்கும். ஆக, அந்த இரண்டு இடத்துக்கும் நடுவே ஓரம் நடுமரத்தை விட 8 மி.மீ. கூடுதலாக ஏறுகிறது. நேராகப் போகும்போது நடுமரத்தின் தட்டையான கோடு வேகம் கொடுக்கும். சாய்த்தவுடன் ஓரத்தின் வளைந்த கோடு பலகையைத் திருப்பிவிடும். முன்னால் குழிவு, பின்னால் வீ என்ற சேர்க்கை இத்தனை பலகைகளில் இருப்பதற்கு இதுதான் காரணம்.

மாறாக, மத்தியில் தட்டையாக இருந்து வாலுக்குப் போகப்போகக் குழிவு கூடினால் நேர்மாறாக நடக்கும். ஓரம் நடுமரத்தை விட நேராகிவிடும். என்னுடைய முரட்டுப் பலகை அப்படித்தான் இருந்தது. மத்தியில் பூஜ்யம், 12 அங்குலத்தில் கழித்தல் 3. ஓரம் ஒரு நேர்கோலாகிவிட்டால் எவ்வளவு அழுத்தினாலும் அது நீண்ட வட்டத்தில்தான் போகும்.

எனவே டேப்பில் எழுதிய எண்களை ஒவ்வொன்றாகப் பார்க்காமல் வரிசையாகப் பாருங்கள். 12 அங்குல எண்ணிலிருந்து மத்தி எண்ணைக் கழியுங்கள். விடை கூட்டலில் பெரிதாக வந்தால் பலகை சாய்வில் எளிதாகத் திரும்பும். பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்தால் நடுமர ராக்கர் என்ன செய்கிறதோ ஓரமும் அதையே செய்யும். கழித்தலில் வந்தால் பிடிவாதம். கீழே வரும் எல்லா வடிவங்களையும் இந்த ஒரு கணக்கை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

வடிவங்கள்

தட்டையான வால், மீன்வால் மாதிரிப் பிளந்த வால் கொண்ட பழைய ஃபிஷ் பலகைகளில் நிறைய வரும். தண்ணீர் மேல் விரிந்து படுத்து, சிறிய மெல்லிய அலையிலும் மிதந்து ஓடும். எல்லாப் பக்கமும் வழுக்கும் என்பதால் பிடிப்புக்கு ஃபின்களையும் ஓரத்தையும் நம்ப வேண்டும். குறை சொல்ல அதிகம் இல்லை.

வீ என்பது பலகைக்கு ஒரு அச்சு கொடுப்பது. அகன்ற வாலை ஒரு ஓரத்திலிருந்து இன்னொரு ஓரத்துக்குச் சாய்க்க நிறைய பலம் வேண்டும். நடுவில் முகடு இருந்தால் பலகை ஏற்கெனவே பாதி சாய்ந்த மாதிரிதான். விலையும் உண்டு. சரிவு இருப்பதால் தண்ணீர் பக்கவாட்டில் கொஞ்சம் நழுவிப் போகிறது, அந்த அளவுக்குத் தூக்கும் விசை குறைகிறது. வீ அளவு மீறினால் மெல்லிய அலையில் பலகை வாலைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கும். 12 அங்குலத்தில் 3 முதல் 5 மி.மீ. வரை என்றால் பெரும்பாலானவர்களுக்குப் போதும் என்பது என் எண்ணம்.

அளவு மீறினால் என்ன ஆகும் என்பதற்கு நல்ல உதாரணம் 1967. ஆஸ்திரேலியாவில் பாப் மெக்டாவிஷ் அகன்ற வாலில் ஆழமான வீ வைத்து, நீளத்தைக் குறைத்துப் பலகைகள் செதுக்கினார். அன்றைய நீளப் பலகைகள் செய்ய முடியாததை அவை செய்தன, அலையின் முகத்தில் மேலும் கீழும் வெட்டித் திரும்பின. அந்த ஆண்டின் கடைசியில் அவற்றை ஹவாய்க்கு எடுத்துப் போனார்கள். அங்கே சன்செட் கடற்கரையின் பெரிய, வேகமான அலையில் அந்த அகன்ற வால் பிடிப்பை விட்டுச் சுழன்றுவிட்டது. ஆனால் ஹவாயின் மௌயி தீவில் ஹொனொலுவா பே அலையில் அதே வகைப் பலகைகள் பிரமாதமாக ஓடின. பலகை அதேதான், அலைதான் வேறு. அடிப்பக்க வடிவம் எதையும் தனியாக நல்லது கெட்டது என்று சொல்ல முடியாது என்று நான் நம்புவதற்கு இந்தச் சம்பவம் ஒரு காரணம்.

வீ எங்கே உச்சத்தில் இருக்கிறது என்பதும் முக்கியம். வழக்கமாக அது வாலை நோக்கிக் கூடிக்கொண்டே போகும். 1990களின் தொடக்கத்தில் மாரிஸ் கோல், சர்ஃப் வீரர் டாம் கரனுக்காகச் செதுக்கிய பலகைகளில் இதைத் தலைகீழாக்கினார். வீ ஃபின்களுக்கு முன்னால் உச்சத்தில் இருக்கும், வாலை நோக்கித் தட்டையாகிக்கொண்டே போகும். மேலே சொன்ன கணக்கைப் போட்டால் ஏன் என்று புரியும். முன்னால் சாய்வதற்கு எளிது, பின்னால் ஓரக் கோடு நேராக இருக்கிறது. பெரிய அலையில், வேகத்தில் அது பிடித்து ஓடும்.

வால் வரைக்கும் ஓடும் ஒற்றைக் குழிவு தண்ணீரை உள்ளங்கையில் ஏந்துகிற மாதிரி ஏந்தி, பின்னால் அனுப்புகிறது. தூக்கும் விசை நன்றாகக் கிடைக்கும். அழுத்திப் பாய்ச்சினால் முன்னேறும். சுத்தமான அலைகளில் எனக்கு இது ரொம்பப் பிடிக்கும். காற்று அடித்துச் சிதறிய தண்ணீரில் சின்னச் சின்னத் திரைகள் குழிவின் அடியில் வந்து மோதும். கால் வழியாக அந்தத் தடதடப்பு தெரியும்.

வீக்குள் இரட்டைக் குழிவு இந்த இரண்டுக்கும் நடுவழி. நடுவில் முகடு இருப்பதால் சாய எளிது, இரு பக்கமும் குழிந்திருப்பதால் வீ இழக்கும் தூக்கும் விசையில் ஒரு பங்கு திரும்பக் கிடைக்கிறது. மூன்று ஃபின் பலகையில், எந்த அலை வரும் என்று தெரியாமல் ஒன்றைத்தான் எடுத்துப் போக முடியும் என்றால் நான் எடுப்பது இதைத்தான். 12 அங்குலத்தில் 3 மி.மீ. வீ, ஒவ்வொரு பக்கமும் 2 மி.மீ. குழிவு.

சேனல் என்றால் நீளவாக்கில் வெட்டிய வாய்க்கால்கள். 1970களில் ஆஸ்திரேலியாவில் ஜிம் பொல்லார்ட் இவற்றைச் செதுக்கினார், கோல் ஸ்மித் அவற்றை ஓட்டிக் காட்டினார். பிறகு ஆலன் பர்ன் ஆறு சேனல் பலகைகளுக்குப் பெயர் வாங்கினார். ஒவ்வொரு வாய்க்காலின் விளிம்பும் குட்டி ஓரம் மாதிரி வேலை செய்கிறது. தண்ணீர் பக்கவாட்டில் நழுவ விடாமல் நேராகப் பின்னால் ஓட வைக்கிறது. கண்ணாடி மாதிரி இருக்கும் அலையில் அந்தப் பிடிப்பும் பாய்ச்சலும் வேறு எதிலும் கிடைக்காது. ஆனால் கண்ணாடியிழைத் துணி போட்டு ரெசின் பூசி மூலைகளைத் தேய்ப்பது பெரும் பாடு. முதல் பலகையில் முயலாதீர்கள்.

கடைசியாக உருண்டை அடி. இதைப் புரிந்துகொள்ள ஒரு கரண்டி போதும். குழாயைத் திறந்து, கரண்டியின் முதுகைத் தண்ணீரில் லேசாகத் தொடுங்கள். தண்ணீர் வளைவைச் சுற்றிக்கொண்டு ஓடும், கரண்டி தண்ணீருக்குள் இழுபடும். வாலின் அடியும் ஓரமும் உருண்டையாக இருந்தால் இதேதான் நடக்கிறது. நீளப் பலகையில் மூக்கு வரை நடந்து போய் நிற்பவர்களுக்கு வால் இப்படிக் கீழே இழுபடுவது வரம். குட்டைப் பலகையில் அதே இழுவை சுமை.

ஃபின் சாய்வு

பலரும் தவறவிடும் ஒரு கணக்கு இது. பக்க ஃபின்கள் நேராக நிற்பதில்லை, வெளிப்பக்கம் சில டிகிரி சாய்ந்திருக்கும். அந்தச் சாய்வை அடிப்பரப்பை வைத்து அமைத்தால், பரப்பே சரிந்திருக்கும்போது ஃபினும் கூடச் சரியும். வாலிலிருந்து 12 அங்குலத்தில் பலகையின் பாதி அகலம் சுமார் 185 மி.மீ. அங்கே 5 மி.மீ. வீ என்றால் பரப்பின் சரிவு ஒன்றரை டிகிரி. 5 டிகிரி சாய்வு என்று நினைத்து வைத்த ஃபின் உண்மையில் ஆறரை டிகிரியில் நிற்கும். குழிவு இருந்தால் மாறாக, சாய்வு குறையும். ஆகவே சாய்வை எப்போதும் நடுமரத்தின் குறுக்கே வைத்த நேர்கோலிலிருந்து அளந்து பாருங்கள்.

செதுக்கும்போது

முதலில் அடிப்பக்கம் முழுவதையும் தட்டையாக்கி, நடுமர ராக்கரை முடித்துவிடுங்கள். அதற்கு முன் வீயில் கை வைத்தால் எதிலிருந்து எதை அளக்கிறோம் என்றே தெரியாமல் போகும். நடுமரத்தின் மேல் பென்சில் கோடு போட்டுக்கொள்ளுங்கள், அது அழியக் கூடாது. வீ எங்கே தொடங்க வேண்டுமோ, உதாரணமாக 20 அங்குலத்தில், அங்கே குறுக்கே ஒரு கோடு. இழைப்புளியையோ அரத்தையோ வாலிலிருந்து தொடங்கி ஓரத்தை ஒட்டி முன்னால் கொண்டுபோய், அந்தக் கோட்டுக்கு வரும்போது அழுத்தத்தை விட்டுவிடுங்கள். அடுத்த இழைப்பு கொஞ்சம் உள்ளே தள்ளி. எத்தனை முறை இழைத்தோம் என்று வாய்விட்டு எண்ணுங்கள். இடப்பக்கம் ஆறு என்றால் வலப்பக்கமும் ஆறு. வலக்கைப் பழக்கம் உள்ளவருக்கு ஒரு பக்கம் எப்போதும் கூடுதலாக வெட்டும். அதனால் நான் பலகையைச் சுற்றி வந்து, இரண்டு பக்கமும் ஒரே நிலையில் நின்று இழைக்கிறேன்.

இரட்டைக் குழிவுக்கு, உப்புத்தாளை மெத்தென்ற ரப்பர் கட்டையில் சுற்றி, நடுமரத்துக்குப் பக்கத்திலும் ஓரத்துக்குப் பக்கத்திலும் ஒவ்வொரு அங்குலம் விட்டுத் தேயுங்கள். நடுமரம், பலகையின் உடலாக இருக்கும் ஃபோமை விடக் கெட்டி. தாள் ஃபோமைத் தின்றுவிட்டு மரத்தை விட்டுவிடும், பிறகு நடுவில் ஒரு வரப்பு எழுந்து நிற்கும். அதைச் சின்ன இழைப்புளியால் முதலிலேயே இறக்கிவிட்டுத் தேய்ப்பது நல்லது.

வெளிச்சம் மேலேயிருந்து வந்தால் எதுவும் தெரியாது. விளக்கைப் பலகையின் உயரத்துக்கே இறக்கிப் பக்கவாட்டில் வையுங்கள். குழிவு ஒவ்வொன்றும் நிழலாக விழும். இரண்டு நிழலும் ஒரே அகலத்தில், ஒரே இடத்தில் முடிய வேண்டும். ஸ்கேல் சொல்லாததைக்கூட நிழல் சொல்லிவிடும். ரெசின் பூசும்போது குழிவுகளில் தேங்கும், தேய்க்கும்போது முகடு குறையும் என்பதையும் நினைவில் வைத்து, வேண்டிய அளவை விட ஒரு நூலளவு கூடுதலாகவே வெட்டிவையுங்கள்.

விளிம்பு

இத்தனையும் சரியாக இருந்தும் ஒரு பலகை செத்துப்போகலாம். எனக்கு மிகப் பிரியமான பலகையின் வால் ஒரு முறை பாறையில் அடிபட்டது. சரிசெய்யக் கொடுத்தேன். வேலை பார்க்க அழகாக, வழுவழுவென்று வந்தது. ஆனால் தண்ணீரில் பலகை என்னுடையதாக இல்லை. பாட்டம் டர்னில், அதாவது அலையின் அடியில் திரும்பி மேலே எழும்பும்போது வந்துகொண்டிருந்த அந்த உந்தல் போய்விட்டது. யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பது போல் இருந்தது. ஃபின்களை மாற்றினேன், நிற்கும் இடத்தை மாற்றினேன். இரண்டு மாதம் போய்விட்டது. பிறகு ஒரு நாள் வால் ஓரத்தில் நகத்தை அடியிலிருந்து மேலாக இழுத்துப் பார்த்தேன். அடிபடாத பக்கத்தில் நகம் டக்கென்று விளிம்பில் தடுத்தது. சரிசெய்த பக்கத்தில் வழுக்கிக்கொண்டு போனது. தேய்த்தவர் விளிம்பையும் சேர்த்து உருட்டிவிட்டார். கரண்டி முதுகு ஞாபகம் வருகிறதா? அதேதான். தண்ணீர் பிரிய வேண்டிய இடத்தில் ஓரத்தைச் சுற்றிக்கொண்டு மேலேறி இழுத்திருக்கிறது.

எனவே டேப் எண்களை எழுதும்போதே இந்த நகச் சோதனையையும் செய்துவிடுங்கள். குட்டைப் பலகையில் முன் ஃபின்களுக்குச் சற்று முன்னாலிருந்து வால் நுனி வரை விளிம்பு கூர்மையாக, நகம் நிற்கும்படி இருக்க வேண்டும்.

மழுங்கியிருந்தால் நீங்களே சரிசெய்யலாம். பலகையைக் கவிழ்த்து வைத்து, அந்த ஓரத்தை 80 எண் உப்புத்தாளால் சொரசொரப்பாக்கித் துடையுங்கள். ஓரத்தின் வெளிப்பக்கமாகப் பேப்பர் டேப்பை ஒட்டுங்கள். டேப்பின் மேல் விளிம்பு அடிப்பரப்பை விட 3 மி.மீ. உயர்ந்து, சின்ன அணை மாதிரி நிற்க வேண்டும். உங்கள் பலகை எந்த ரெசினில் செய்ததோ அதற்குப் பொருந்தும் ரெசினைக் கலந்து, அணையை ஒட்டி மெல்லிய இழையாக ஊற்றுங்கள். ஸ்டைரோஃபோம் வகைப் பலகைக்கு எபாக்ஸி மட்டுமே, பாலியெஸ்டர் ரெசின் அந்த ஃபோமைக் கரைத்துவிடும். காற்றோட்டமான இடம், கையுறை, தேய்க்கும்போது முகமூடி எல்லாம் கட்டாயம்.

நன்றாக இறுகியதும் டேப்பை உரியுங்கள். கெட்டியான மரக்கட்டையில் சுற்றிய தாளால், அடிப்பக்கத்திலிருந்து மட்டும், பரப்போடு தட்டையாக வரும்வரை தேயுங்கள். வெளிப்பக்கத்தைத் தொடாதீர்கள், அங்கே டேப் விட்ட சுவரே உங்கள் விளிம்பு. 120, பிறகு 220. கடைசியில் கையைக் கிழிக்காத அளவுக்கு 400 எண் தாளால் ஒரே ஒரு முறை, எடை வைக்காமல். நகத்தால் சோதியுங்கள், டக்கென்று நிற்க வேண்டும்.

அப்புறம் அதே ஃபின்கள், அதே இடத்தில் நின்று தண்ணீரில் இறங்குங்கள். வேறு எதையும் மாற்றாதீர்கள், குறைந்தது நான்கைந்து முறை ஓட்டிவிட்டு அடுத்த மாற்றத்தை யோசியுங்கள். பாட்டம் டர்னின் முடிவில், ஓரத்திலிருந்து எழும் அந்த நொடியை மட்டும் கவனியுங்கள். என் பலகையில் மூன்றாவது அலையிலேயே அந்த உந்தல் பின்காலுக்கடியில் திரும்பி வந்துவிட்டது.